கடல் கடந்து மீண்டாரும் சட்டக் கல்வியும்



ஒரு சமூகம் மேன்மையடைதற்குப் பொருளும் வேண்டும், கல்வியும் வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட உண்மையாம். பொருளும் கல்வியும் தேடி நம் நாட்டார் கடல் கடந்து சென்றதும், சிலகாலம் அங்கே வாழ்ந்து மீண்டதும் இன்று நேற்று உண்டானவை அல்ல. முன்னாளில் இரங்கூன், பினாங்கு, கொழும்பு, நேட்டால் என்றனர். இந்நாளில் துபாய், சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கா என்கின்றனர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வெளிநாட்டுக்கு ஒரு பிள்ளையையேனும் அனுப்பாத தெரு அரிது.

ஆயினும், அங்ஙனம் சென்று மீண்ட இளைஞனொருவன், "இனிச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்து படிக்கப் போகிறேன்" என்று சொல்வானாயின் வீட்டார் முகம் வாடிவிடுகின்றது. "இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தாய்; தலையிலே நரை எட்டிப் பார்க்கிறது; சின்னப் பிள்ளைகளோடு போய்ப் பலகையில் உட்காருவதா? ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கின்றனர். பெண்ணொருத்தி இதனையே சொல்வாளாயின் கேள்விகள் இரட்டிக்கின்றன. இவ்வெட்கம் நியாயமானதா என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்தது. எமது முடிவை முன்னரே சொல்லிவிடுகின்றோம். அயல்நாட்டிலிருந்து மீண்டு, சட்டத்தினால் தம் மக்களுக்குப் பெரும்பயன் விளைத்தோர் சரிதங்களை நோக்கின், அவர்கள் கொண்டு வந்த பட்டத்தினும், வந்தபின் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்த பணிவே அவர்களை உயர்த்தியது என்பது விளங்கும்.

பாரிஸ்டரும் வக்கீலும்

சென்னை உயர் நீதிமன்றம் 1862ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதற்கு ஏழாண்டு முன்னரே, 1855இல், பிரசிடென்ஸி கல்லூரியில் சட்டம் கற்பிக்கத் தொடங்கினர். ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் முதல் ஆசிரியராய் அமர்ந்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. சட்டத்திற்கெனத் தனிக் கல்லூரி 1891இல் அமைந்தது. ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்தவாறு, உயர் நீதிமன்றத்தை அடுத்த செந்நிறக் கட்டடம் 1899இல் முடிந்தது. அக்கட்டடம் எழுந்த நிலம் முற்காலத்தில் ஆங்கிலேயரின் இடுகாடாயிருந்தது.

அக்காலத்தில் நியாயவாதிகள் ஒரு தரத்தினர் அல்லர். இந்நாட்டிலேயே பி.எல். தேறி, மூத்த வக்கீல் ஒருவரிடம் பயின்று தொழில் நடத்துவோர் வக்கீல்கள். லண்டனில் உள்ள இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் என்னும் நான்கு சங்கங்களுள் ஒன்றிற் சேர்ந்து, தவணைதோறும் ஆங்கே குறித்த விருந்துகளை உண்டு, பரீட்சை தேறி மீள்வோர் பாரிஸ்டர்கள். மதிப்பு பாரிஸ்டருக்கே மிகுதி. ஆனால் ஒன்று கருதத்தக்கது. பாரிஸ்டர் கற்று வந்தது ரோமச் சட்டமும் இங்கிலீஷ்ச் சட்டமும். நம்மவர் வழக்காடியதோ பாகப்பிரிவினை, தத்து, சீதனம், இனாம், கிஸ்தி, ஏரிநீர் முதலியவற்றைப் பற்றி. ஆகவே லண்டன் சென்று வந்தவர், தம் ஊர் வழக்கைக் கையிலெடுத்தபோது புதிதாகப் படிக்க வேண்டியவராகவே இருந்தார்.

இவ்வேற்றுமை 1926ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டத்தால் தளர்ந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தால் நீங்கியது. இன்று இந்நாட்டில் வழக்காடும் உரிமையுடையோர் வழக்கறிஞர் என்னும் ஒரே வகுப்பினர். 1976ஆம் ஆண்டு டிசம்பர் 31க்குப் பின் லண்டனில் பாரிஸ்டர் ஆனவர்க்கு அப்பட்டம் ஒன்றே இங்குப் பதிவு பெறப் போதாது. இந்தியக் குடிமக்கள் பிறநாட்டில் பெற்ற சட்டப் பட்டம் இந்திய பார் கவுன்சிலால் ஏற்கப்பட்டதாயினும், இந்நாட்டுச் சட்டங்களில் தகுதித் தேர்வு எழுதியே பதிவு பெறல் வேண்டும். முன்னாளில் அனுபவம் கற்பித்ததை இந்நாளில் விதியே கற்பிக்கின்றது.

சாதிக் கட்டும் காந்தியடிகளும்

மீண்டு வந்தார் கதைகளுள் முதற்கண் எண்ணத்தக்கது காந்தியடிகளுடையது. சாதிச் சங்கத்தார் ஆகிய நாம் அதனை ஊன்றிப் படித்தல் வேண்டும். 1888இல் அவர் சட்டம் பயில லண்டன் செல்ல முனைந்தபோது, பம்பாயிலிருந்த அவர் சாதியார் கூட்டங்கூட்டித் தடுத்தனர். அவர் இணங்காமையால் சாதியினின்றும் விலக்கி, அவருக்கு உதவுவோர்க்கும் வழியனுப்பச் செல்வோர்க்கும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் விதித்தனர். 1891 ஜூன் 10இல் பாரிஸ்டராகி, 11இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பதிவு பெற்று, 12இல் அவர் தாயகம் நோக்கிக் கப்பலேறினார். திரும்பியபின் நாசிக்கில் நீராடி, இராஜகோட்டையில் சாதியார்க்கு விருந்தளித்தும், ஒரு பிரிவினரே அவரைச் சேர்த்துக்கொண்டனர். மற்றைப் பிரிவினர் விலக்கியே வைத்தனர். அவர்களோடு பூசலிடாமல், மாமனார் வீட்டில் தண்ணீரும் பருகாது கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடந்தார்.

இனி அவர் தொழில் எவ்வாறு நடந்தது? பாரிஸ்டர் பட்டம் இருந்தது. இந்து சட்டமும் முகமதிய சட்டமும் இன்னவென்றே தாம் அறிந்திலர் என்று தம் சரிதத்தில் அவரே எழுதியுள்ளார். பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். கேள்வியொன்றும் வாயில் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி வெளியேறினார்.

இந்நிலையில் அவர் செய்தது யாது? நம் நாட்டுச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். இந்தியா திரும்பியபின் சோர்வின்றிச் சுவைத்துப் படித்ததாக அவர் குறித்த நூல், மெய்ன் என்பார் எழுதிய இந்து சட்டம். அம்மெய்ன் சென்னையில் வழக்கறிஞராகவும், பிரசிடென்ஸி கல்லூரியில் சட்ட ஆசிரியராகவும் இருந்தவர். அந்நூல் 1878இல் வெளிவந்தது. லண்டனிற் படித்த பாரிஸ்டர், சென்னையில் விளைந்த நூலைக் கையிலேந்தி மாணாக்கரானது நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்க செய்தியாம்.

1893இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். ஆங்குத் தாதா அப்துல்லாவின் வழக்கில் கணக்கேடுகளை வரிவரியாகப் படித்து, உறவினராகிய இரு கட்சியாரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்து, தோற்றவர் தவணைகளிற் பணம் கட்டவும் வழி கண்டார். 1894இல், கிழிந்த உடையும், உடைந்த முன்பற்கள் இரண்டுமாய், தலைப்பாகையைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒருவர் அவர்முன் வந்து நின்றார். அவர் பாலசுந்தரம் என்னும் தமிழர், ஒப்பந்தக் கூலியாய் நேட்டால் சென்றவர், முதலாளியால் அடியுண்டவர். காந்தியடிகள் அவரை வைத்தியரிடமும் நியாயாதிபதியிடமும் அழைத்துச் சென்று, ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றுவித்தார். அதன்பின் கூலித் தமிழர் பலர் அவரைத் தேடி வந்தனர். பம்பாயில் வாய் திறவாத பாரிஸ்டர், நேட்டாலில் ஏழைத் தமிழர்க்கு வாயாயினார்.

மீண்டும் பரீட்சை எழுதிய அம்மையார்

பெண்மக்களைப் பெற்ற நேயர்கள் கொர்னீலியா சொராப்ஜி அம்மையாரின் வரலாற்றைக் கருதுக. பம்பாய் ராஜதானியிற் பிறந்த அவர் 1889இல் ஆக்ஸ்போர்டு சென்று, 1892இல் ஆங்குச் சட்டப் பரீட்சை எழுதினார். பெண்ணாதலின் பட்டம் தரவில்லை; அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920 முதற்கொண்டே. அவர் தாயகம் திரும்பியபோது, ஆக்ஸ்போர்டிற் படித்தேன் என்று சொல்லி வாளாவிருக்கவில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் சட்டப் பரீட்சைக்கு அமர்ந்து 1897இல் எல்.எல்.பி. தேறினார். ஆயினும் நீதிமன்றக் கதவு திறந்திலது. பெண்களும் வக்கீலாகலாம் என்னும் சட்டம் 1923இல்தான் இயற்றப்பட்டது. அவ்விடைக்காலத்தில் அவர் சும்மா இருந்தாரல்லர். கோஷாவில் இருந்து, ஆடவர் முன் வந்து வழக்குரைக்க இயலாத ஜமீன் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆலோசகராய் அமர்ந்து, அவர்தம் சொத்துரிமைகளைக் காத்துக் கொடுத்தார்.

நின்ற இடத்திலிருந்து தொடங்கிய அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1916இல் லண்டன் சென்று கிரேஸ் இன்னிற் சேர்ந்தார். பரோடா அரசின் உதவிச் சம்பளக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் உத்தியோகம் ஏற்றபோது, சாதி காரணமாகத் தங்குதற்கு வீடு கிடைக்கவில்லை, வேலையை விட்டார். பம்பாயில் கல்லூரி ஆசிரியராய்ப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் லண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1922இல் பாரிஸ்டரானார், 1923இல் திரும்பிப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தீண்டாமைக் கொடுமையால் ஆரம்பத்தில் வழக்குகள் அருகியே வந்தன. வருவாய்க்காக வணிகச் சட்டம் கற்பித்தார். பின்னர் 1935இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் தலைவரானார். 1947இல் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார்.

இடையில் நின்ற படிப்பு இறந்த படிப்பு அன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. நம் சென்னைச் சட்டக் கல்லூரிக்கு 1990இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டின் சட்டப் பல்கலைக்கழகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஈழத்துத் தமிழர் இருவர்

இனித் தமிழரிடையே இருவரைச் சொல்வாம். சி. வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்தில் 1832இல் பிறந்தவர். கடல் கடந்து சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபடியே சட்டம் பயின்று, 1871இல் பி.எல். தேறினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பது. பின்பு கும்பகோணத்தில் வக்கீலாகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். அவரைத் தொல்காப்பியப் பதிப்பாலும் கலித்தொகைப் பதிப்பாலும் அறிவோம். நாற்பதை நெருங்கிச் சட்டம் தேறியவர் என்பதை மறந்துவிடுகின்றோம்.

மற்றொருவர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் 1898இல் மலாய் நாட்டு ஈப்போவில் பிறந்தார். தந்தையார் அங்கே தொழில் நடத்தியிருக்க, தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். அப்போது செல்வநாயகத்துக்கு வயது நான்கு. 1918இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையிலிருந்தே பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே கொழும்புச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்து வழக்கறிஞராகி, உரிமை வழக்குகளில் பெரும்பெயர் பெற்றார்.

1948இல் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாய் உழைத்த இந்திய வமிசத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. செல்வநாயகம் அதனை எதிர்த்துத் தம் கட்சித் தலைவரோடு முரண்பட்டு விலகி, 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1964இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. தாம் பிறந்த மண் எது, திரும்ப வேண்டிய மண் எது என்பதை அம்மக்கள் மனம் தீர்மானிக்கவில்லை. தாளில் எழுதிய சட்டம் தீர்மானித்தது. சட்டம் அறிந்தவர் சபையில் இல்லாத சமூகம் என்ன பாடுபடும் என்பதை இதனால் உணர்க.

நம் மேற்குப் புறத்து நிலை

இவையெல்லாம் பெரியோர் கதைகள். நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நம் ஊர்களையே பார்ப்போம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. சுதந்தரத்துக்குப் பின் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கித் தொழிற்பேட்டையும், ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் வந்தன. வயல் மனையாயிற்று, ஏரிக்கரை தெருவாயிற்று. இம்மாற்றத்தின் நடுவே ஏற்பட்ட பட்டா, புறம்போக்கு, நில எடுப்பு, வாரிசு, வில்லங்கம் ஆகிய வழக்குகள் எண்ணிறந்தன. வெளிநாட்டில் வியர்வை சிந்திய பணத்தால் வாங்கிய மனையை, அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் விற்றுவிட, திரும்பி வந்து வெறுங்கையோடு நிற்போர் எத்தனை பேர்! அவர்கள் முதலில் தேடுவது நம்பத்தக்க வழக்கறிஞரையே.

சட்ட அறிவின் எடையைப் பூந்தமல்லி கண்டிருக்கின்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், ஆங்கிருந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே 11இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அத்தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றி, 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்றும் விடுவித்தது. அக்கொலை நாட்டையே கலக்கிய கொடுஞ்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே சாட்சியங்களை இரு மன்றங்கள் நிறுத்தபோது எத்தனை உயிர்கள் தராசின் தட்டு மாறின என்பதை நோக்கின், வாதமும் ஆராய்ச்சியும் விளையாட்டல்ல என்பது தெரியும்.

இப்போது அக்கல்வியே நம் பக்கத்திற்கு வந்துவிட்டது. 2018இல் சென்னைச் சட்டக் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, ஒன்று கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்திற்கும், மற்றொன்று திருவள்ளூருக்கு மேற்கே திருப்பதிச் சாலையில் உள்ள பட்டறைப்பெரும்புதூருக்கும் சென்றன. உயர் நீதிமன்றத்தினின்றும் தொலைவாகின்றது என்று மாணவர் எதிர்த்தனர். அது பொருளற்ற முறையீடு அன்று. ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு, சட்டக் கல்லூரி செல்லும் வழி நாம் பழகிய மேற்குப் பாதையாகவே அமைந்தது.

இடமாற்றத்திற்கு ஒரு காரணம் மெட்ரோ ரயில் சுரங்க வேலையால் பழைய கட்டடத்திற்கு நேர்ந்த பழுது. மற்றொரு காரணத்தை மறைத்தல் தகாது. 2008 நவம்பர் 12இல், அக்கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் சாதிப் பகையால் ஒருவரையொருவர் கொடூரமாய்த் தாக்கினர். காவலர் அருகிருந்தும் தடுத்திலர். நாடு முழுதும் அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டு நாணியது. விசாரணை செய்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை வேறிடம் மாற்றப் பரிந்துரைத்தது. அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரியில், நீதி கற்க வந்தோர் கையில் தடி ஏந்தினர். சாதிச் சங்கம் நடத்தும் நாம் இதனைப் பிறர் குற்றமென்று சொல்லி ஒதுங்கலாகாது. நம் வீட்டில் பேசும் பேச்சையே பிள்ளை கல்லூரிக்குக் கொண்டு செல்கின்றான்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வெட்கம் ஒழிக. பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பிலும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் ஐந்தாண்டுப் படிப்பிலும் சேரலாம். வெளிநாட்டிற் பெற்ற சான்றிதழ் இந்நாட்டுச் சான்றிதழுக்கு இணையானது என்னும் அத்தாட்சியை விண்ணப்பிக்கும் முன்னரே தேடி வைத்துக்கொள்ளல் அவசியம். கடைசி நாளில் ஓடி இடம் இழத்தல் வேண்டா.

இரண்டாவது, பொருளுதவி. மீண்டு வந்தவனிடம் பணம் இருக்கும் என்று நினைப்பது பலர் வழக்கம். கடனை அடைத்து, தங்கையை மணமுடித்துக் கொடுத்து, வெறுங்கையோடு வந்தவரே மிகுதி. கல்யாண மண்டபத்திற்குச் செலவிடுவதில் ஒரு பங்கைச் சட்ட மாணவர்க்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கச் சங்கம் முன்வருமாயின், அது செங்கல்லினும் நிலைத்த கட்டடமாகும். ஆண் பெண் என்னும் பேதம் இதிற் கூடாது.

மூன்றாவது, மீண்டவர் கொண்டு வரும் சரக்கைப் பயன்படுத்தல். கப்பலில் வேலை பார்த்தவனுக்குக் கடல் வாணிப வழக்கும், வளைகுடாவில் உழைத்தவனுக்குத் தொழிலாளர் ஒப்பந்தமும், கணினி கற்றவனுக்குத் தகவல் திருட்டு வழக்கும் இளையோரைவிட விரைவில் விளங்கும். அவன் கழித்த ஆண்டுகள் வீணல்ல. இந்நாட்டுச் சட்டத்தைக் கற்றபின் அவை முதலாகி வட்டி தரும்.

நான்காவது, சங்கத்தின் உதவியால் வழக்கறிஞரானோர் மாதம் ஒரு மாலை தம் ஊரில் அமர்ந்து, வருவோர் எச்சாதியார், எம்மதத்தார் என்று கேளாமல் இலவச ஆலோசனை கூறுதல் வேண்டும். நம் குலத்துக்கு ஒரு வக்கீல் கிடைத்தார் என்பதைவிட, ஊருக்கு ஒரு வக்கீலை நம் குலம் கொடுத்தது என்பதே நமக்குப் புகழாம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கடல் கடந்து சட்டம் கற்கச் சென்ற இளைஞனை அவன் சாதியார் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் விதித்துத் தடுத்தனர். அச்சபையில் அமர்ந்திருந்தோர் பெயரை இன்று யாரும் நினைப்பதில்லை. மீண்டு வந்து கற்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு நாம் விதிக்கும் அபராதம் ஏளனச் சொல்லே. அதனை இன்றே தள்ளுபடி செய்து, பெற்றோர்காள், அவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்து ஆசி கூறி அனுப்புங்கள்.

கல்வி ஓங்குக! நீதி நிலைக்க!